பதினைந்தாவது ஜாயிண்ட்

பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைக் கொண்டுபோய் ஓடுகிற வீட்டின் தண்ணீர்க் குழாயில், அதுவும் குழாய் திரும்புகிற முட்டியில் மாட்டினானே ஒரு புண்ணியவான், அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். எந்தச் சாலை எந்த இடத்தில் எலும்பை உலுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தச் சாலையில், ஒரு பிக்கப் லாரியின் முதுகில் அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி என்று முழு வீட்டையும் ஏற்றிவிட்டு, உள்ளே சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் எல்போவை வைத்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? கேட்டால் கனம் குறைவாம். மண்ணாங்கட்டி.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது நெல்டா கிம்பலைப் பற்றி.

தெற்குப் பாலைவனத்தில், குவார்ட்ஸைட் என்கிற ஊருக்குத் தெற்கே உள்ள பொட்டல்தான் எங்கள் குளிர்கால ஊர். வடக்கே பனி விழ ஆரம்பித்ததும் கேம்பர் என்கிற இந்த லாரிமுதுகு வீட்டோடு கிளம்பி வருவோம், வெயில் முதுகைக் கடிக்கிற வரைக்கும் இருப்போம். கரண்டு கிடையாது, குழாய் கிடையாது. ஆளுக்கொரு சோலார் பலகை, அது போதாதவனுக்கு ஜெனரேட்டர். தண்ணீர் வேண்டுமென்றால் ஊருக்குப் போய்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, வரிவரியாய்ப் பள்ளம் விழுந்த மண் பாதையில் உதறிக்கொண்டே திரும்ப வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு அவரவர் நாற்காலியையும் அவரவர் குடிப்பதையும் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவோம். ஊர் வம்பு எல்லாம் அங்கேதான்.

அந்த வட்டத்தில் நெல்டாவின் நாற்காலி என் மனைவி டோரீனுக்குப் பக்கத்தில். வயது எழுபத்தொன்று. நின்றால் என் தோளுக்கு வரமாட்டாள். கை இரண்டும் விறகுச் சுள்ளி மாதிரி இருக்கும். ஐடஹோவில் ஒரு பால் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். பால் ஓடுகிற குழாய்களைக் கழற்றி, கழுவி, மறுபடி மாட்டுகிற வேலை. அங்கே ஒரு சட்டம் உண்டாம். எந்தக் குழாயை யார் மாட்டினார்களோ அவர்கள்தான் அதற்கு நேரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரி போடக் கூடாது, முதலாளி போடக் கூடாது.

"இருபத்தொம்பது வருஷம். என் கையெழுத்துக்குக் கீழ ஒரு சொட்டுப் பால் கெட்டதில்ல," என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள்.

"அம்மாடி, ஆரம்பிச்சுட்டாடா," என்று நாங்கள் முனகுவோம். ஆனால் அது உண்மை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தட்டு, ஒரு வாணலி, ஒரு கரண்டி கழுவி முடிப்பாள். அந்தச் சுத்தத்துக்கு யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்லலாம்.

புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். இருந்த வீட்டை விற்றுவிட்டு இந்த கேம்பரை வாங்கினாள். கோடையில் மகன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்வாள், மற்றபடி அந்த ஆரஞ்சுக் கோடு போட்ட பெட்டிதான் அவளுக்கு வீடு, வாசல், உலகம்.

அந்த வருஷம் ஜனவரி இரண்டாவது வாரம், ஊரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவள் லாரியை விட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். தண்ணீர் அவள் காலணி மேல் கொட்டியது. வரும் வழியில் பம்புக்குப் பக்கத்து எல்போ இரண்டாக உடைந்து, தொட்டி மொத்தமும் உள்ளேயே காலி. தரை, பாய், கீழ் அலமாரி, மாவு டப்பா எல்லாம் நாசம். நாங்கள் பத்துப் பேர் ஓடிப்போய் மெத்தையைத் தூக்கிப் புதர் மேல் போட்டோம். நெல்டா உடைந்த எல்போவைக் கையில் வைத்துக்கொண்டு, கெட்டுப்போன முட்டையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் டோரீன் எடுத்தாள். எடுத்தவள் சும்மா இருந்தாளா? "ஐயோ கர்டிஸ், உங்கம்மா வீடு மெதக்குதுப்பா!" என்று ஒப்பாரி வைத்துவிட்டாள்.

கர்டிஸ் நெல்டாவின் ஒரே மகன். வடக்கே, பாய்சி நகரத்தில் இருக்கிறான். நாற்பத்தெட்டு வயது, நல்ல உயரம், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. மறுநாள் மாலை வந்து நின்றான். வழியில் தூங்கவே இல்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். தரையைக் காலால் அழுத்தினான். பின்பக்கச் சுவரோரம் பலகை மெத்தென்று அமுங்கியது.

"அம்மா, இது நேத்து நனைஞ்சது இல்ல. இது மாசக்கணக்கா நனைஞ்சு ஊறிப் போயிருக்கு. நீ பாக்கவே இல்லியா?"

நெல்டா அந்த ஓரத்தில் ஒரு வாடை வருகிறது என்று டோரீனிடம் டிசம்பரிலேயே சொல்லியிருந்தாள். தேடித் தேடிப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"தண்ணி ஒழுகுறது உனக்குத் தெரியல. நாளைக்கு கேஸ் ஒழுகினா தெரியுமா? ஒரு நாள் நீ போன் எடுக்கலன்னா எனக்கு சாப்பாடு எறங்க மாட்டேங்குதும்மா. பாய்சியில ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். தனி ரூம். மூணு வேளையும் சாப்பாடு வந்துரும். குழாயைத் திறந்தா வெந்நீர். இதை இப்படியே வித்துட்டுக் கெளம்பு."

சொன்ன விஷயம் தப்பென்று என்னால் சொல்ல முடியாது. அவனும் பெற்ற பிள்ளைதானே. ஆனால் பதினெட்டு நாற்காலி கேட்டுக்கொண்டிருக்க, அம்மாவிடம் 'நீ பாக்கவே இல்லியா' என்று கேட்டான் பாருங்கள், அதுதான் எனக்குச் சுர்ரென்றது. நெல்டாவின் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"வாயை மூடிட்டு இரு மெர்ல்," என்றாள் டோரீன், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

நெல்டாதான் பேசினாள். "நாலு நாள் குடு. உள்ள இருக்கிற பிளாஸ்டிக் ஜாயிண்ட் அத்தனையும் அறுத்துப் போட்டுட்டு பித்தளை போடுறேன். நானே போடுறேன். நாலாம் நாள், இதே எடத்துல, இவங்க எல்லாரும் பாக்க பம்பைப் போடுவேன். ஒரு மணி நேரம். அதுக்குள்ள பம்பு தானா ஒரு தடவை கத்தினாலும் நீ சொன்ன ரூமுக்கு வர்றேன்."

"கத்தலன்னா?"

"கத்தலன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்காத."

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பம்பு, குழாய்க்குள் அழுத்தம் ஏறும்வரை ஓடும், ஏறியதும் நின்றுவிடும். யாரும் குழாயைத் திறக்காமலே அது திடீரென்று 'டுர்ர்' என்றால், எங்கேயோ ஒரு சொட்டு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குப் பயந்தவர்கள். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்காருவோம். நெல்டா மட்டும் கரண்டை மிச்சம் பிடிக்க, வேலை முடிந்ததும் பம்பை அணைத்துவிடுவாள், அதனால் அதுவரை அவளுக்கு அது கேட்டிருக்க வழியில்லை.

கர்டிஸ் சரி என்று சொல்லிவிட்டு ஊருக்குள் ஒரு விடுதியில் போய்த் தங்கினான்.

நெல்டா அன்றைக்கே ஆரம்பித்தாள். முதலில் டார்ச்சும் பென்சிலுமாக உள்ளே படுத்துக்கொண்டு எண்ணினாள். சிங்க் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒன்று முதல் பதினாலு வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் இடத்தைக் குறித்தாள். தொட்டி வாய், பம்புக்கு முன், பம்புக்குப் பின், சிங்க், வெந்நீர்த் தொட்டி, கழிவறை என்று வரிசையாக. அந்தப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்து, பித்தளை எல்போவும், குழாய் மூன்றாகப் பிரிகிற இடத்துக்கு டீயும், மூடியும், செம்பு வளையமும் வாங்கிவரச் சொன்னாள். வளையத்தை நெரிக்கிற நீளக் கைப்பிடிக் குறடு என்னிடமே இருந்தது.

"குறடு குடு. நீ வேண்டாம்," என்றாள்.

"ஏன், நான் வந்தா என்ன?"

"உன் கை அந்தச் சந்துக்குள்ள போகாது. போனா திரும்பி வராது. அப்புறம் உன்னையும் சேத்துதான் வெட்டி எடுக்கணும்."

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே! சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, தோள் வரைக்கும் அலமாரிக்குள் நுழைந்து, அந்தச் சுள்ளிக் கையால் குழாயை நேராக வெட்டுவாள். வளையத்தை மாட்டி, பித்தளையைச் செருகி, வளையத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, குறட்டின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி இன்னொன்றை மார்பால் அழுத்துவாள். கையில் பலம் போதாது என்று அவளே கண்டுபிடித்த வழி அது. 'கடக்' என்று சத்தம் வந்ததும் வெளியே வந்து, அந்த எண்ணுக்கு நேரே 'நெ.கி.' என்று கையெழுத்துப் போடுவாள். அப்புறம்தான் காபி.

இரண்டாம் நாள் ஒன்பது ஜாயிண்ட் முடிந்தது. சந்தில்லாத இடத்துக்கு, அதாவது பம்புக்கு, எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"மெர்ல், பம்போட வாய் பிளாஸ்டிக். உள்ள ரப்பர் வாஷர் இருக்கு. டேப் சுத்தாத. கையால முறுக்கினா போதும்," என்று அவள் தெளிவாகச் சொன்னாள். நான் மண்டையை ஆட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றினேன். ஸ்பேனரை எடுத்தேன். லாரிக்காரன் கை. எதையும் 'இன்னும் அரை சுத்து' இல்லாமல் விட்டுப் பழக்கமில்லை. 'டக்' என்றது. பம்பின் வாய் வாழைப்பழத் தோல் மாதிரிப் பிளந்துகொண்டது.

நெல்டா வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"மெர்ல், பாலுக்கு நீ லாயக்கில்ல," என்றாள்.

வேறு வழி? என் கேம்பரிலிருந்து பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். புதுப் பம்பு வர ஒரு வாரமாகும் என்றான் கடைக்காரன். அந்த ஒரு வாரமும் டோரீன் கேனிலிருந்து மோந்து மோந்து பாத்திரம் கழுவினாள். ஒவ்வொரு குவளைக்கும் எனக்கு ஒரு அர்ச்சனை. "ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு மொட்டை கேனு. நல்லா இருக்குய்யா உன் நியாயம்!" இந்த முறை பம்பின் வாயை நெல்டா கையாலேயே முறுக்கினாள். டேப்பும் இல்லை, ஸ்பேனரும் இல்லை.

நாலாம் நாள் வட்டம் மூன்று மணிக்கே கூடிவிட்டது. ஒரு நாற்காலி குறையவில்லை. அடுத்த பொட்டலிலிருந்துகூட நாலு பேர் வந்திருந்தார்கள். கர்டிஸ் ஓரமாக நின்றான். நெல்டா சுத்தமான சட்டை போட்டு, தலைவாரி, கேம்பரின் பின்கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். பம்பைப் போட்டாள். டுர்ரென்று ஓடி, அழுத்தம் ஏறி, நின்றது.

"ஜெனரேட்டரெல்லாம் கொஞ்சம் அமத்துங்கப்பா. எனக்குக் காது கேக்கணும்," என்றாள்.

ஒன்றொன்றாக அணைந்தன. ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிற மனிதர்கூட அதை நிறுத்திவிட்டுச் சின்ன சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டார். அத்தனை வருஷமாக அங்கே வந்து போகிறேன், அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. நெடுஞ்சாலை இரைச்சல் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டது. ஒருவர் பீர் டப்பாவைத் திறக்கப் போய், டோரீன் முறைத்ததில் அப்படியே மூடாமல் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம். இருபது. முப்பது. நெல்டா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கை மடியில். முப்பத்தைந்து தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

'டுர்ர்.'

அரை விநாடிதான். ஆனால் கேட்காதவர் ஒருவர்கூட இல்லை.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கர்டிஸ் மெதுவாக அம்மா பக்கத்தில் வந்தான். ஜெயித்தவன் முகமில்லை அது. "போதும்மா. நீ ரொம்பப் பாடுபட்டே. விடு," என்றான்.

"என் பம்பா இருக்கும்!" என்று நான் எழுந்தேன். "பழசு அது. அதோட வால்வு சரியில்ல. நெல்டா மேல தப்பில்ல."

"உக்காரு மெர்ல்," என்றாள் நெல்டா. "யார் பம்பா இருந்தா என்ன? அதெல்லாம் இல்ல. பம்பு கத்திருச்சு. நான் தோத்தாச்சு. வர்றேன்னு சொன்னேன், வர்றேன். ஆனா எங்க ஒழுகுதுன்னு தெரியாம வரமாட்டேன்."

 

உள்ளே போனாள். காகிதத் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஜாயிண்டையும் சுற்றித் துடைத்துக் காகிதத்தை வெளியே நீட்டினாள். டோரீன் வாங்கி வாங்கி உயர்த்திக் காட்டினாள். காய்ந்த காகிதம். இரண்டு, காய்ந்தது. மூன்று, காய்ந்தது. பதினாலும் காய்ந்தது. பம்பும் காய்ந்தது.

நெல்டா படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாளோ என்று நினைக்கும் அளவுக்கு அப்படியே இருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"பால் கெட்டுச்சுன்னா எங்க தேடுவோம் தெரியுமா? ஓடுற குழாயில தேட மாட்டோம். அது தினம் கழுவுறது. எந்தக் குழாய் எங்கயும் போகாம முட்டிக்கிட்டு நிக்குதோ, எதை யாரும் திறக்கிறதே இல்லியோ, அங்க தேடுவோம். அங்கதான் தங்கி நிக்கும்."

கண்ணைத் திறந்தாள். "இந்த வீட்ல நான் திறக்காத குழாய் எது?"

எழுந்து கேம்பரைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். வெளிச்சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சாண் அளவுக் குட்டிக் கதவு. வெளியே நின்று குளிக்கிறவர்களுக்காகக் கம்பெனிக்காரன் வைத்த ஷவர். எங்கள் எல்லோர் கேம்பரிலும் இருக்கிறது. தண்ணீரை டம்ளரால் அளக்கிற நாங்கள் எவன் வெளியே நின்று ஷவரில் குளிக்கப் போகிறோம்? கதவின் பூட்டு துருப்பிடித்திருந்தது. திருகி இழுத்தாள்.

உள்ளே இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வால்வின் முதுகில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. வெடிப்பு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று சுவருக்குள் விழுந்தது. அதற்கு நேர் கீழேதான் அந்த மெத்தென்ற தரை.

அந்த வெடிப்பை எங்கள் கூட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். பனி வெடிப்பு. நவம்பரில் கிளம்பும் முன் வடக்கே ஒவ்வொருவனும் குழாய்க்குள் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றுவான். சிங்கைத் திறப்பான், கழிவறையைத் திறப்பான். இந்தக் குட்டிக் கதவை மறப்பான். உள்ளே தங்கிய தண்ணீர் ராத்திரிக் குளிரில் உறைந்து வால்வைப் பிளக்கும். தெற்கே வந்து தொட்டியை நிரப்பிய பிறகுதான் ஒழுக ஆரம்பிக்கும். அந்த வருஷம் நெல்டாவின் கேம்பருக்குக் காற்றடித்தது யார் என்று எனக்குத் தெரியும். 'நீ உக்காரும்மா, உனக்கு முடியாது, நான் பாத்துக்கிறேன்னு கர்டிஸே செஞ்சான்' என்று அவளே வட்டத்தில் பெருமையாகச் சொன்னதுதான்.

கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நமநமத்தது. 'நீ பாக்கவே இல்லியா' என்ற அதே வார்த்தை. டோரீன் என் முழங்கையைக் கிள்ளியதில் ரத்தம் கட்டிவிட்டது.

கேட்க வேண்டியிருக்கவில்லை. கர்டிஸ் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

"இதை நான் திறக்கலம்மா," என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். "எல்லாத்தையும் திறந்தேன். இது இருக்கிறதே ஞாபகமில்ல. தப்பு என்னுது. உன்னைப் போய்..."

"நானும்தான் எண்ணல," என்றாள் நெல்டா. "பதினாலுன்னு எழுதினது நான்தானே. பதினஞ்சுடா இது."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் அவனை வறுத்து எடுத்திருப்பாள். நானாக இருந்தால் நிச்சயம். அவள் திரும்பி என்னிடம் கையை நீட்டினாள். "குறடு." மிச்சமிருந்த இரண்டு பித்தளை மூடிகளையும் நாலைந்து வளையங்களையும் எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் மகன் கையில் வைத்தாள்.

"நீ போடு."

"நானா? எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னுதான் குடுக்கிறேன். வெந்நீருக்கு ஒண்ணு, பச்சைத் தண்ணிக்கு ஒண்ணு. நேரா வெட்டு."

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கை வேலையில் இறங்கியது. வால்வை அறுத்து எடுத்தான். முதல் வளையத்தை நெரித்தான். நெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"கோணல். வெட்டி எடு. மறுபடி போடு."

"கொஞ்சம்தானே கோணல், தாங்கும்மா."

"பால் அப்படிக் கொஞ்சம்னு பாக்காது."

வட்டமே சிரித்துவிட்டது. அவனும் சிரித்தான், வந்ததிலிருந்து முதல் தடவையாக. வெட்டி எடுத்து மறுபடி போட்டான். அதையும், அடுத்துப் போட்ட இரண்டாவதையும் அவள் தலையசைத்து ஒப்புக்கொண்டாள்.

"நான் சொன்ன சொல்லுக்கு நான் வர்றேன் கர்டிஸ். அது மாறாது," என்றாள் பிறகு. "வித்துட்டுத்தான் போகணும்னாலும் ஒழுகுற வீட்டை நான் ஒருத்தனுக்கு விக்க மாட்டேன். பம்பைப் போடு."

கர்டிஸ் தலையை ஆட்டினான். "இல்லம்மா. நான் காத்தடிச்சுக் குடுத்த வீட்டுக்கு வச்ச பரீட்சை அது. வெடிச்ச வால்வோட. மறுபடி முதல்லேர்ந்து எண்ணுவோம். ஒரு மணி நேரம். அதே பந்தயம்."

"ஒப்புக்கோ நெல்டா!" என்று நான் கத்தினேன். பதினெட்டு நாற்காலியும் கத்தியது. நெல்டா எங்களைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "சரி," என்றாள்.

மறுபடி வட்டம். மறுபடி அமைதி. வெயில் சாய்ந்து நிழல்கள் நீண்டன. டோரீன் நெல்டாவின் தோளில் ஒரு போர்வையைப் போட்டாள். கர்டிஸ் இந்த முறை ஓரமாக நிற்கவில்லை. அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்தான். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. முன்பு கத்திய நிமிஷம் வந்தபோது அவன் மூச்சு விடவில்லை. நான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவை அழைத்துப் போக வந்தவன், அவள் ஜெயிக்க வேண்டுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது. ஐம்பத்தைந்து.

மணி முடிந்தது. பம்பு வாயைத் திறக்கவில்லை.

ஒரே கூச்சல். பிடித்து வைத்திருந்த பீர் டப்பா ஒருவழியாகத் திறந்தது. நான் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஒளிக்கவில்லை. நாற்பது வருஷம் லாரி ஓட்டி நான் பார்த்ததில் இவளை மாதிரி மனுஷிகள் மூன்று பேரைத்தான் பார்த்திருப்பேன். அதில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டேன் என்று டோரீனுக்குக் கேட்கும்படியும் சொன்னேன். அதற்கு அவள், "முதல்ல எனக்கு ஒரு பம்பு வாங்கிக் குடு," என்றாள்.

கர்டிஸ் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தலை அவன் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது.

"அம்மா, நவம்பர்ல நீ கெளம்புறப்போ நான் சரியா காத்தடிச்சுத் தர்றேன்."

"நவம்பர்ல நான் அடிச்சுக்கிறேன். நீ பக்கத்துல நின்னு எண்ணு."

அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சிங்க் அலமாரிக் கதவைத் திறந்தாள். பதினாலுக்குக் கீழே 'பதினைந்து, வெளிச்சுவர்' என்று எழுதினாள். பிறகு பென்சிலை அவனிடம் நீட்டினாள்.

"நீயே போடும்மா. உன் வீடு," என்றான்.

"மாட்டினவன்தான் போடணும்."

கர்டிஸ் முழங்காலிட்டு, 'நெ.கி.' என்று பதினாலு தடவை இருந்ததற்குக் கீழே, 'க.கி.' என்று போட்டான். நெல்டா கண்ணாடி வழியாக அதைச் சரிபார்த்தாள். அப்புறம்தான் குழாயைத் திறந்து காபிக்குத் தண்ணீர் பிடித்தாள்.